தொடைக்கடியில் இரண்டு கைகள்

எனக்குக் கார் பழக்கியவள் என்னைவிடப் பத்து வயது இளையவள், எருக்கலம்பிட்டிக்காரி. கறுப்பு முக்காட்டில் முத்து வைத்த ஊசி குத்தியிருப்பாள். பக்கத்தில் ஏறி உட்கார்ந்ததும் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொள்வாள். நான் என்ன பிழை விட்டாலும் அவை வெளியே வந்ததில்லை.

முருங்கனுக்கு இடமாற்றம் வந்ததால் எனக்கு லைசன்ஸ் இல்லாமல் முடியாது. ஏற்கெனவே வேறொருவரிடம் பழகி, ஓட்டிக் காட்டும் ட்ரயலில் இரண்டு முறை தவறியிருந்தேன். எதிரே பஸ் வந்தாலே என் கார் கரைப் பக்கம் இழுக்கும்.

அன்று கடலை ஊடறுத்துப் போகும் தாம்போதிப் பாதையின் இருபுறமும் கடல் எது, வானம் எது என்று தெரியாத காலை. தொலைவில் பூநாரைகள் மிதந்தனவா, பறந்தனவா, அதுவும் தெரியவில்லை. ஒரு பஸ் கடந்தது. கார் வழக்கம்போல ஓரத்துக்குப் போய் வந்தது.

“அக்கா, இப்ப உங்கட கை என்ன செய்தது?”

“தெரியேல்லையே.”

“அடுத்த பஸ் வரேக்க பாத்துச் சொல்லுங்கோ.”

அடுத்த பஸ் வந்தது. விரல்கள் ஸ்டியரிங்கை இறுக்குவதைக் கண்டேன். கண்டுகொண்டிருக்கும்போதே அவை தாமாக இளகின. கார் நேராகப் போனது.

“இறுக்காதையுங்கோ எண்டு முதல் நாளே சொல்லியிருக்கலாமே?”

“முந்திப் பழக்கினவர் சொல்லேல்லையோ?”

“ஒவ்வொரு நாளும் கத்தினவர்.”

அவள் சிரித்தாள்.

லைசன்ஸ் கிடைத்துவிட்டது. இப்போது தாம்போதியில் தனியே போகும்போது பக்கத்து வெற்று இருக்கை கண்ணில் படும். என் கைகளைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தவள் அவள். தொடைக்கடியில் கிடந்த அந்த இரண்டு கைகளும் அப்போதெல்லாம் என்ன செய்துகொண்டிருந்தன என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.