பேய்க்கு நம்பர் கொடுத்த கதை

எட்மண்டிடம் யாராவது 'இரண்டாம் பாகம்' என்று வாயைத் திறந்தால் போதும். முகத்தைச் சுளித்து, பக்கத்தில் காலி இடம் பார்த்துத் துப்பிவிட்டுத்தான் பேச்சைத் தொடருவார். மொதல்ல வந்தது ஜெயிச்சுதா, அத்தோட வாயை மூடிகினு போங்கப்பா என்பார். கோலார் தங்கச் சுரங்கத் தொழிலாளிகள் குடியிருக்கிற சாம்பியன் ரீப்ஸ் லைனில் பாதிப் பேருக்கு இது வேடிக்கை. வேண்டுமென்றே கிளறிவிட்டு அவர் துப்புவதைப் பார்த்துச் சிரிப்பார்கள். மீதிப் பேர் அன்றைக்கு அந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்கள். அவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

எட்மண்ட் முதலில் சுரங்கத்துக்குள் டிராலி தள்ளியவர்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் பாறை வெடித்து இடது கால் முட்டிக்குக் கீழே நொறுங்கிப் போனது. ஒட்டவைத்த காலோடு திரும்பி வந்தவரை லாம்ப் ரூமில் உட்காரவைத்தார்கள். உள்ளே இறங்குகிறவன் தலையில் மாட்டுகிற லைட்டைச் சார்ஜ் ஏற்றி, நம்பர்படி ஆணியில் மாட்டி, ஷிப்டுக்கு வருகிறவன் நீட்டும் நம்பர் போட்ட பித்தளை வில்லையைப் பார்த்து எடுத்துக் கொடுக்க வேண்டும். இரண்டாயிரத்துக்குக் கிட்டத்தட்ட இருந்த அத்தனை நம்பரும் அவருக்கு மனப்பாடம். ஆளின் பெயர் மறந்துபோகும், நம்பர் மறக்காது.

அந்த நம்பரைப் பற்றி வெளியூர்க்காரனுக்குச் சொன்னால் புரியாது. கீழே ஏதாவது நடந்தால் முதலில் மேலே வருவது பெயர் அல்ல, நம்பர்தான். ஆள் வேலை செய்கிற அடித்தட்டு லெவலில் இருந்து போனில் நம்பரைச் சொல்வார்கள். அதைச் சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாப்ட் வாசலில் நிற்கிற ஆள் உரக்கச் சொல்வான். பெயரெல்லாம் ரிஜிஸ்டரைப் புரட்டிய பிறகு. அதனால் இங்கே கல்யாணமாகி வருகிற பெண் முதல் வாரத்திலேயே புருஷனுடைய நம்பரை நெட்டுருப் போட்டுவிடுவாள். வேறு இடத்தில் அந்த நம்பரை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். வீட்டில் வேடிக்கைக்குக்கூட மாட்டார்கள்.

இதைத் தெரிந்துகொண்டுதான் எட்மண்ட் அறுபத்து இரண்டில் 'லைட் கேட்ட பேய்' என்ற நாடகத்தை எழுதினார். லைனில் இருந்த நாடக மன்றத்துக்கு எழுதியது. அவரே பேய். செலவென்று பார்த்தால் ஒரு கிழிந்த போர்வை, அரைப்படி மைதா, டார்ச் லைட்டில் ஒட்ட சிவப்புக் காகிதம். அவ்வளவுதான்.

கதை இதுதான். செத்துப்போய்ப் பல வருஷமான ஒருத்தன் வழக்கம்போல முதல் ஷிப்டுக்கு வந்து லாம்ப் ரூம் ஜன்னலில் நிற்கிறான். உள்ளே இருக்கிறவன் தலையைத் தூக்கவே இல்லை.

"நம்பர்?"

"தொலைஞ்சு பூட்ச்சி."

"நம்பர் இல்லன்னா லைட் இல்ல. போய் டைம் ஆபீஸ்ல எழுதி வாங்கினு வா."

ஆள் கணக்கு எழுதுகிற டைம் ஆபீசுக்குப் பேய் போகிறது. அங்கே இருந்து டாக்டரிடம் அனுப்புகிறார்கள். டாக்டர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, ரெண்டு நாள் ரெஸ்ட் எடு என்று சீட்டு எழுதுகிறார். பேய்க்கு ஒருத்தனும் பயப்படவில்லை. பேய்தான் ஒவ்வொரு ஜன்னலிலும் நடுங்கிக்கொண்டு நிற்கிறது. கொட்டகை அதிரச் சிரித்தார்கள். கடைசியில் லாம்ப் ரூம்காரன் மனசு இளகி ஒரு பழைய லைட்டைத் தூக்கிக் கொடுக்கிறான். பேய் அதைத் தலையில் மாட்டிக்கொண்டு, "இன்னைக்கு ஷிப்ட் முடிச்சுட்டு வூட்டுக்குப் போயிடுவேன்" என்று சொல்லிவிட்டு ஆளைக் கீழே இறக்குகிற கூண்டில் ஏறுகிறது. அந்த இடத்தில் சிரித்துக்கொண்டிருந்த சனம் அப்படியே அடங்கிப்போனது. பெண்கள் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்கள். எட்மண்டின் தங்கை ஐடா, அப்போது கல்யாணமாகாத பெண், வீட்டுக்கு வந்ததும், "அண்ணே, அந்தப் பேய்க்கு நம்பர் இல்லன்னு வெச்ச பாரு, நல்ல வேலை பண்ண" என்றாள். எட்மண்டுக்கு அதைவிடப் பெரிய மாலை யாரும் போடவில்லை.

ஆறு முறை போட்டார்கள். அடுத்த சுரங்கமான கோரமண்டல் பக்கத்தில் இருந்தெல்லாம் ஆள் வந்தது. மன்றத்துச் செயலாளர் சௌந்தரராஜன் டைம் ஆபீஸ் கிளார்க். ஷாப்டுக்குள் ஒரு நாள்கூட இறங்கியவர் இல்லை; பவுடர் போடாமல் வெளியே வர மாட்டார். அவருக்கு அந்தக் கைத்தட்டல் தலைக்கேறிவிட்டது. அறுபத்து நாலில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு லாம்ப் ரூமுக்கு வந்தார்.

"எட்மண்டு, ரெண்டாம் பாகம் எழுதிட்டேன். நீதான் பேய். மொதல் பாகத்துல ஒரே ஒரு பேய், அதுவும் அழுமூஞ்சி. இதுல மூணு பேய். டான்ஸ் இருக்கு. ரத்தம் இருக்கு."

எட்மண்ட் மூன்று பக்கம் படித்தார். முதல் பக்கத்தில் பேய் ஒருத்தன் வேட்டியை உருவுகிறது. இரண்டாம் பக்கத்தில் பொம்பளைப் பேய் இடுப்பை ஆட்டுகிறது. மூன்றாம் பக்கத்தில் பேய் தன் வயிற்றைக் கிழித்துக் குடலை எடுத்துக் காமெடியன் கழுத்தில் மாலை போடுகிறது. எட்மண்ட் அத்தோடு நோட்டை மூடினார்.

"சார், எனக்கு வேலை கீது. வேற யாரையாச்சும் பாருங்க" என்று நோட்டை ஜன்னல் வழியாகத் தள்ளினார்.

நாலாம் பக்கத்தைப் படித்திருக்கலாம். அதைத்தான் பிறகு தன் வாழ்நாள் பூரா சொல்லிச் சொல்லி நொந்துகொண்டார். நாலாம் பக்கத்தில்தான் அந்தக் கண்றாவி இருந்தது.

பேய் வேஷம் சௌந்தரராஜனின் மச்சினன் ராஜப்பாவுக்குப் போனது. கொட்டகையில் சாயங்காலம் வேறு ஏதோ நிகழ்ச்சி. அதனால் சனிக்கிழமை மத்தியானம் ஒன்றரை மணிக்கே நாடகம். தகரக் கூரை. இருட்டு வேண்டுமென்று ஜன்னல் எல்லாவற்றையும் கோணிப்பை போட்டு அடைத்துவிட்டார்கள். போதாததற்கு, குடல் தத்ரூபமாக இருக்க வேண்டுமென்று சௌந்தரராஜன் காலையிலேயே கறிக்கடையில் இருந்து நிஜமான ஆட்டுக்குடல் வாங்கி வாளியில் வைத்திருந்தார். கோலார் வெயிலில் அது ஒன்றரை மணிக்கு என்ன கதியில் இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எட்மண்ட் போகவே கூடாது என்றுதான் இருந்தார். ஐடா கூப்பிட்டாள். அவளுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். புருஷன் இன்பராஜ் கோரமண்டல் பக்கத்தில் இருந்து மாற்றலாகி, இரண்டு மாசமாகச் சாம்பியன் ஷாப்டில் இறங்குகிறான். அன்றைக்கு அவனுக்கு முதல் ஷிப்ட், மூன்று மணிக்குத்தான் மேலே வருவான். "அதுவரைக்கும் சொம்மா வூட்ல இன்னா பண்றது, வாண்ணே" என்றாள். அவள் மூன்றாவது வரிசையில் பெண்களோடு உட்கார்ந்தாள். எட்மண்ட் பின்னால் சுவரோரம் காலை நீட்டிக்கொண்டார்.

நாடகமா அது? படுதா தூக்கின நிமிஷத்தில் இருந்து நாற்றம். ஈ மொய்க்கிறது. பொம்பளைப் பேய்க்கு வந்த ஆளுக்கு மீசை எடுக்கக்கூடத் தோன்றவில்லை. முதல் பாகத்தில் ஜனம் சிரித்த 'நம்பர்?' வசனத்தை எடுத்து அதற்குள் ஏழு முறை சொல்லிவிட்டார்கள், ஏழு முறையும் டமாரம் வேறு. எதற்குச் சிரித்தார்கள் என்றே தெரியாதவன் அதையே திரும்பச் செய்தால் இப்படித்தான் ஆகும். குடல் மாலை வந்தபோது முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நாலு விடலைகள் விசிலடித்தார்கள். எட்மண்டுக்குத் தான் பெற்ற பிள்ளையைத் தெருவில் எவனோ கோமாளி வேஷம் கட்டி இழுத்துக்கொண்டு போவதைப் பார்க்கிற மாதிரி இருந்தது. எழுந்து போய்விடலாம் என்று சுவரைப் பிடித்தார்.

அப்போது மேடையில் லாம்ப் ரூம்காரன் எட்டாவது முறையாக, "நம்பர்?" என்றான்.

ராஜப்பா குடலைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு கொட்டகை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னான்: "ஆயிரத்து எண்ணூத்தி நாப்பத்தாறு. ஆள் காலி."

பேய்க்கு ஒரு நம்பர் இருந்தால் இன்னும் நிஜமாக இருக்கும் என்று சௌந்தரராஜனுக்குத் தோன்றியிருக்கிறது. போன வருஷ ரிஜிஸ்டரைத் திறந்து, வேலையை விட்டுவிட்டு வேலூர்ப் பக்கம் போய்விட்ட ஒருத்தனின் நம்பரைப் பொறுக்கியிருக்கிறார். அந்த நம்பரை இரண்டு மாசத்துக்கு முன்னால் புதிதாக வந்த ஆளுக்குக் கொடுத்தாகிவிட்டது என்பதைப் பார்க்கவில்லை. எட்மண்டுக்குப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அன்று காலை ஆறரைக்கு அந்த நம்பர் லைட்டை எடுத்து இன்பராஜ் கையில் கொடுத்தவரே அவர்தான்.

மூன்றாவது வரிசையில் ஐடா எழுந்தாள். செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே நடந்தாள். ஒரு நம்பரைக் கேட்டு ஒருத்தி எழுந்தால் இந்த ஊரில் மற்றவள் உட்கார்ந்திருக்க மாட்டாள். பக்கத்தில் இருந்தவள் எழுந்தாள், அவளுக்குப் பின்னால் இருந்தவள் எழுந்தாள். இரண்டு நிமிஷத்தில் பெண்கள் பக்கம் காலி. விசிலடித்த விடலைகளும் எழுந்து பின்னால் போனார்கள்.

எட்மண்ட் காலை இழுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். "ஐடா, அது நாடகம்மா. ஒண்ணும் ஆகல" என்று சொல்லிக்கொண்டே போனார். அவள் திரும்பவில்லை. ஷாப்ட் வாசலில் இருந்தவன் ஐம்பது அறுபது பெண்கள் வருவதைப் பார்த்து எழுந்து நின்றான். கீழே போன் போட்டுக் கேட்டான். எல்லாரும் நல்லாத்தான் கீறாங்க என்று பதில் வந்தது.

"போன்ல சொல்றது வேணாம்" என்றாள் ஐடா. "நான் பாக்கணும்."

மூன்று மணிச் சங்கு ஊதியது. இந்த நேரம் பார்த்து, கூட்டம் எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் ராஜப்பாவும் பின்னாலேயே வந்து நின்றான். மூஞ்சி பூரா மைதா, கழுத்தில் குடல், குடலில் ஈ. முதல் கூண்டு மேலே வந்து கதவு திறந்தபோது உள்ளே இருந்தவர்கள் கண்ணில் முதலில் பட்டது அவன்தான். ஒரு வயசாளி கூண்டை விட்டு இறங்கவே மாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

எட்மண்டுக்கு அடிக்கக் கை எழுந்தது. அடக்கிக்கொண்டார்.

"போயிடு. உன்னைப் பாத்தாலே கொமட்டுது" என்றார்.

மூன்றாவது கூண்டில் இன்பராஜ் வந்தான். ஐடா கிட்டே போய் அவன் கையை மேலிருந்து கீழே தடவிப் பார்த்தாள். பிறகு வீட்டுப் பக்கம் நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குக்கூட ஐடா வரவில்லை. அந்த நம்பரோடு நீ இறங்கக் கூடாது, அவ்வளவுதான் என்று இன்பராஜிடம் சொல்லிவிட்டாள். இறங்காவிட்டால் வேலை போகும். வேலை போனால் லைன் வீடும் போகும். இன்பராஜ் முதலில் சிரித்துத்தான் பார்த்தான். ராத்திரி அவள் தூங்காமல் கதவோரம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகு அவனுக்கும் சிரிப்பு போய்விட்டது.

திங்கட்கிழமை காலை லாம்ப் ரூம் ஜன்னலுக்கு வந்து நின்றான். வில்லை கையில் இருந்தது. நீட்டவில்லை. பின்னால் வரிசை நீண்டது. கேட்டுக்கு வெளியே ஐடா நின்றிருந்தாள்.

"மச்சான், எனக்கே கால் வர்ல" என்றான் மெதுவாக.

அது சும்மா நாடகம் மாப்ள என்று சொல்ல எட்மண்டுக்கு வாய் வரவில்லை. அந்த நாடகத்தை ஆரம்பித்து வைத்தவரே அவர்தானே. பக்கத்து ஆளை ஜன்னலில் உட்காரச் சொல்லிவிட்டு, இன்பராஜின் வில்லையை வாங்கிக்கொண்டு நொண்டி நொண்டி டைம் ஆபீசுக்குப் போனார். சௌந்தரராஜன் அன்றைக்கும் பவுடர் போட்டுத்தான் இருந்தார். எட்மண்ட் தன் சட்டைப் பையில் இருந்து தன்னுடைய வில்லையை எடுத்தார். டிராலி தள்ளிய நாளில் இருந்து அவரோடு இருந்த நம்பர், இருநூற்றுப் பன்னிரண்டு. இரண்டையும் மேஜை மேல் வைத்தார்.

"இருநூத்திப் பன்னெண்டை இன்பராஜ் பேர்ல எழுதுங்க."

"இன்னா எட்மண்டு, அப்படியெல்லாம் மாத்த முடியாது. பெரிய ஆபீசுக்கு இன்னா சொல்றது?"

"பேய்க்கு நம்பர் எழுதிக் குடுத்தப்ப பெரிய ஆபீசைக் கேட்டீங்களா சார்?"

சௌந்தரராஜன் பேனாவை எடுத்தார். எழுதிவிட்டு, "அப்ப உனக்கு?" என்றார்.

"அந்த ஆயிரத்து எண்ணூத்தி நாப்பத்தாறை எனக்கு எழுதுங்க. நான் கீழ இறங்கறவன் இல்ல. மொதல் பாகத்துல நம்பர் இல்லாம ஜன்னல் ஜன்னலா சுத்தினவனும் நான்தான்."

இருநூற்றுப் பன்னிரண்டாம் லைட்டை மாட்டிக்கொண்டு இன்பராஜ் கூண்டில் ஏறினான். கூண்டு இறங்கின பிறகுதான் ஐடா கேட்டை விட்டு நகர்ந்தாள். போகிற வழியில் லாம்ப் ரூம் ஜன்னலில் நின்று, "அண்ணே, நாஷ்டா துன்னியா?" என்று மட்டும் கேட்டாள்.

மன்றம் அதற்குப் பிறகு பேய் நாடகம் போடவில்லை. எட்மண்ட் இன்னும் பத்து வருஷம் அந்த வில்லையைப் பையில் போட்டுக்கொண்டு வேலை பார்த்தார். எழுபத்து நாலில் ரிட்டையர் ஆனார். கடைசி நாள் எல்லாவற்றையும் ஒப்படைக்க டைம் ஆபீஸ் ஜன்னலில் நின்றார். உள்ளே ஒரு புதுப் பையன். லைட் கேட்ட பேயைப் பார்க்காதவன். பின்னால் சுவரில், போனவர்கள் ஒப்படைத்த வில்லைகள் புது ஆட்களுக்குக் கொடுக்க வரிசையாகத் தொங்கின. அவன் தலையைத் தூக்காமலேயே கேட்டான்.

"நம்பர் வில்லை?"

எட்மண்ட் கையைச் சட்டைப் பைக்குள் விட்டு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"தொலைஞ்சு பூட்ச்சி" என்றார்.