தினமும் துணியைப் பார்த்தேன்

பள்ளிபாளையத்தை விட்டுத் திருச்செங்கோடு சாலையில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் துணி மூட்டை, கையில் மூடி போட்ட பிளாஸ்டிக் கூடை. கூடைக்குள் ஒன்றும் இல்லாததால் காலில் இடித்துக்கொண்டே வந்தது. ஒரு பஸ் நின்று ஏறச் சொன்னது. ஏறவில்லை.

பூனைக்குக் கருத்தடை அறுவை (கருப்பையையும் சூலகங்களையும் எடுத்துவிடுவது) செய்து வீட்டில் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். போர்வெல் போடும் லாரி, கோழிப்பண்ணை, செங்கல் சூளை என்று திரிந்து, கடைசியில் ஒரு விசைத்தறிக் கொட்டகைக்கு வந்தேன். அங்கே என் அறைக்குத் தானாக வந்த பூனை அது. இரண்டு முறை குட்டி போட்டது. ஒன்றும் தங்கவில்லை. மூன்றாவது முறை வேண்டாம் என்று கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன்.

சீட்டு எழுத மருத்துவர் பெயர் கேட்டார்.

"பேரெல்லாம் வெக்கலீங்க."

"பேர் இல்லாம எப்படிங்க எழுதறது?"

பாவு என்றேன். தறியில் பாவு நூல் (துணியின் நெடுக்கு நூல்) சுற்றிய உருளையின் மேல்தான் அது தூங்கும்.

அறுவை முடிந்ததும் மருத்துவர் அம்மா சொன்னார்: "பத்து நாள் குதிக்க விடாதீங்க, தையலை நக்க விடாதீங்க. தினமும் பாருங்க."

வேலைக்குப் போகாமல் ஓர் அறைக்குள் பத்து நாள் நான் இருந்ததே இல்லை. இருக்கலாம் என்று முடிவு செய்தேன்.

நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டிவிட்ட அட்டையை முதல் நாளே பிய்த்துவிட்டது. பக்கத்து அறை ரோசக்கா பழைய துண்டோடு வந்தார். எங்கள் கொட்டகையில் நூல் சுற்றுகிறவர்.

"புள்ள பெத்தவளுக்கு வவுத்தக் கட்டறோம். புள்ளையே வேண்டாம்னு அறுத்துக்கிட்டவளுக்குக் கட்டுனா என்ன சாமி?"

இருவரும் சிரித்தோம். துண்டை நான்காக மடித்து அதன் வயிற்றில் இறுக்கிக் கட்டினேன். பாவு நக்கவில்லை. குதிக்கவும் இல்லை. எனக்கு வைத்தியம் கைவந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் மீன் தலையை ஒதுக்கியது. ஆறாம் நாள் காதுகள் சில்லிட்டிருந்தன. துண்டு மட்டும் வெள்ளையாகவே இருந்தது.

கூடையில் வைத்து மருத்துவமனைக்குத் தூக்கிப்போனேன். மருத்துவர் துண்டைக் கத்தரித்தார். நாற்றம் அறையை நிறைத்தது. உள்மடிப்பு நனைந்து ஊறியிருந்தது. தையல் விட்டு, சுற்றிலும் தோல் கறுத்திருந்தது.

"தினமும் பாருங்கன்னு சொன்னேனே?"

"பாத்தேனுங்க."

"எதை?"

மேசையில் கிடந்த துண்டைப் பார்த்தேன்.

செப்சிஸ் (சீழின் நஞ்சு இரத்தத்தில் கலந்து உடலெங்கும் பரவுவது) என்றார். ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றினார். மறுநாள், ஏழாம் நாள் மதியம், பாவு என் மடியில் கிடந்தது. முன்னங்கால் என் மணிக்கட்டின் மேல் இருந்தது. மூச்சு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆற்றோரம் புதைத்துவிட்டு அறைக்கு வந்து என் துணிகளை மூட்டை கட்டினேன். ரோசக்கா வாசலில் நின்றார்.

"கட்டச் சொன்னது நாந்தானே சாமி."

"கட்டுனது நானுக்கா."

"ஒரு வா சோறு தின்னுட்டுப் போ."

தின்னாமல் கிளம்பினேன். வழியில் இரண்டு முறை நின்று கைலியைத் தளர்த்திக் கட்டினேன். இன்றும் இடுப்பில் எதுவும் இறுகினால் மூச்சு முட்டுகிறது. நாள்களை எண்ணினால் ஏழுக்கு மேல் போவதில்லை.

எட்டாம் நாள் காலை திருச்செங்கோட்டில் ஒரு துணிக் கிடங்கில் வேலை கேட்டேன்.

"துணி பாக்கற வேலதான் இருக்குது. ஓட்ட, கறை இருந்தா நிறுத்திச் சொல்லோணும். கண்ணு நல்லாத் தெரியுமா?"

"தெரியுமுங்க" என்றேன்.