காற்றுக்கேற்ற பெற்றோல்

என்னுடைய கார் பெற்றோலில் ஓடுவதில்லை, தள்ளுபவர்களின் தயவில் ஓடுகிறது என்று மனைவியின் அண்ணன் தர்மபுரம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். அதில் பொய் குறைவு. ஆறு பேர் ஏறினால் மணல் கண்ட இடத்தில் அது படுத்துவிடும். ஆனாலும் வைகாசிப் பொங்கலுக்குக் குடும்பத்தோடு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குக் காரில்தான் போவேன் என்றேன். வழியில் ஒருவர் கைவைத்துத் தள்ளினாலும் கார் தனக்கு என்றார் மச்சான். வைக்கோல் ஏற்றப் போகிறாராம். சரி என்றேன்.

எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊதினால் பலம் கூடும் என்று பழைய மோட்டார்ச் சஞ்சிகையொன்றில் வாசித்திருந்தேன். வாசிப்புள்ள வாத்தியார் கெடுவது இப்படித்தான். அப்படி ஊதும் கருவி ஒன்றைக் கொழும்பில் பழைய இரும்புக்கடையில் தேடிப் பிடித்து, முள்ளியவளையில் கராச் வைத்திருந்த முஸ்லிம் மெக்கானிக் நானாவிடம் கொண்டுபோனேன். பூட்டித் தந்தார். கார் பாய்ந்தது. அரை மைல் போனதும் எஞ்சினுக்குள் யாரோ கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்குவதுபோலச் சத்தம். பக்கத்தில் இருந்த நானா உடனே நிறுத்தச் சொல்லி, பிளக்கைக் கழற்றிக் காட்டினார். நுனி சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

“மாஸ்டர், காத்தைக் கூட்டிப்போட்டுப் பெற்றோலைக் கூட்டாட்டி, சூடேறிப் பிஸ்டன் ஓட்டையாப் போயிடும். ரெண்டும் சேர்ந்து கூடவேணும்.”

காபரேற்றரில் பெற்றோலை அளந்துவிடும் சின்னப் பித்தளைத் துண்டுக்கு ஜெற் என்று பெயர். அதைக் கழற்றி, துளை பெரிதான ஒன்றைப் போட்டார். அந்தத் துளைக்குப் போதிய பெற்றோல் வந்து சேர வேண்டுமே என்று தாங்கியிலிருந்து வரும் குழாயைத் தடித்ததாக மாற்றி, பழைய பம்புக்குப் பக்கத்தில் இன்னொன்றையும் பூட்டினார். குழாய் நுனியைச் சோடாப் போத்தலுக்குள் விட்டு, ஒரு நிமிடத்தில் எவ்வளவு நிறைகிறது என்று என் கைக்கடிகாரத்தில் பார்த்தார். போதும் என்று அவர் சொன்னது மூன்றாம் நாள்தான். பிளக்கின் நுனி அப்போது மண்ணிறமாகியிருந்தது.

அத்தோடு விட்டிருந்தால் நான் சிக்கனத்துக்குப் பேர்போன யாழ்ப்பாணத்தான் அல்ல. வீடு திரும்பும்போது பின்னால் கரும்புகை கண்டேன். எரியாத பெற்றோல் வீணாய்ப் போகிறதே என்று மனம் கேட்கவில்லை. பொங்கலுக்கு முதல்நாள், நானாவுக்கும் சொல்லாமல், பழைய ஜெற்றையே திரும்பப் பூட்டிப் பெரியதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கடல்தண்ணீரில் விளக்கெரிக்கும் அம்மன், என் எஞ்சினைக் கொஞ்சம் குறைந்த பெற்றோலில் எரிக்க மாட்டாளா என்றொரு நியாயமும் கைவசம் இருந்தது.

ஏழு பேரும் பொங்கல் பானையும் தேங்காய்ச் சாக்குமாகப் புறப்பட்டோம். மச்சான் முன் சீற்றில், நீதவானைப்போல. புதுக்குடியிருப்பு தாண்டியதும் கூழாங்கல் சத்தம் தொடங்கியது. ஓட்டினால் பிஸ்டன் போகும். நிறுத்தினால் மானம் போகும். நிறுத்தினேன்.

“நிண்டிட்டுது,” என்றார் மச்சான்.

“நிக்கேல்லை. நான் நிப்பாட்டினனான். உங்களைத் தள்ளச் சொன்னனானோ? பேசாமல் இருங்கோ.”

எஞ்சின் ஆறும்வரை எல்லாரும் பாலைமர நிழலில் இருந்தார்கள். நான் சட்டைப்பையிலிருந்து எடுத்ததைப் பார்த்து அது என்ன என்று மனைவி கேட்டாள். ஒளிக்காமல் சொன்னேன்.

“மிச்சம் பிடிச்ச பெற்றோலிலை இப்ப தேத்தண்ணி வைப்பமோ?” என்றாள்.

பெரிய ஜெற்றைப் பூட்டினேன். சத்தம் அடங்கியது.

வற்றாப்பளைக்குத் திரும்பும் இடத்தில் மணல். முன்னால் போன வான் ஒன்று புதைந்து நின்றது. அதைத் தள்ளிக்கொண்டிருந்தவர்களை எங்களையும் தள்ள வரும்படி மச்சான் கையசைத்துக் கூப்பிட்டார். நான் மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை. கார் ஆடியது, பின்பக்கம் ஒருமுறை வழுக்கியது, வானுக்கு மேலால் கரும்புகை விட்டது. விடட்டும் என்று இன்னும் அழுத்தினேன். வந்தவர்கள் கை நீட்டுமுன் அவர்களைக் கடந்து, கோயில் வீதியில் போய்த்தான் நிறுத்தினேன்.

மச்சான் இறங்கிப் பானையைத் தூக்கினார். வைக்கோல் கதை அதன்பிறகு எழவில்லை. என் கார் விட்ட புகையைப் பற்றித்தான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அதிலும் பொய் இல்லை. ஆனால் அது என்னுடைய கார் என்று அவர் வாயாலேயே வந்ததில்லையா, அது போதும்.