காசுந்தி கொஞ்சம் தூக்கலாக

அந்த மீன் ஃப்ரையை நான் கண்ணால் பார்த்தது ஒரு நிமிஷம்கூட இருக்காது. ஆனாலும் எண்ணெய் ஊறிய காகிதத் தட்டு, பொன்னிறமாக வறுபட்ட அந்தத் துண்டு, ஓரத்தில் வழிந்த காசுந்தி என்கிற கடுகு விழுது, அதன்மேல் சொட்டிய மழைத்தண்ணீர் எல்லாம் அப்படியே நினைவில் நிற்கின்றன. வேண்டிய முகங்கள் எத்தனையோ மங்கிப்போய்விட்டன. இந்தச் சனியன் மட்டும் மங்க மாட்டேன் என்கிறது.

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் பெஹாலாவில் குடியிருந்தோம். அப்பாவுக்குக் கிடர்பூர் துறைமுகத்தில் ஆபீஸ் வேலை. கல்கத்தாவுக்கு வந்து அத்தனை வருஷமாகியும் அம்மா மீன் வாடையோடு சமாதானம் ஆகவில்லை. தெருவில் மீன்கூடை வந்தால் ஜன்னலைச் சாத்துவாள். என்னையும் மூக்கைப் பொத்திக்கொள்ளப் பழக்கியிருந்தாள். அது எனக்குப் பல் தேய்ப்பது மாதிரி ஆகியிருந்தது. வாடை அடிக்கிறதோ இல்லையோ, மீனைக் கண்டால் கை தானாக மூக்குக்குப் போய்விடும், முகம் தானாகச் சுளித்துக்கொள்ளும். உண்மையைச் சொன்னால், அந்த வாடை எனக்குப் பிடிக்காது என்று ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சுப் பெண்கள் டிபன் டப்பாவைத் திறந்தால் நாக்கில் ஜலம் ஊறும்.

ஆபீஸில் அப்பாவுக்குப் பக்கத்து மேஜைக்காரரை நான் காகு, அதாவது சித்தப்பா, என்று கூப்பிடுவேன். அப்பாவைவிட வயதில் சின்னவர், அண்ணா, அண்ணி என்கிற மாதிரி அப்பாவை ‘தாதா’ என்பார், அம்மாவை ‘பௌதி’ என்பார். துர்கா பூஜை முடிந்து விஜயா என்கிற விஜயதசமி வந்ததும் சின்னவர்கள் பெரியவர்கள் வீட்டுக்குப் போய் நமஸ்காரம் செய்வது அந்த ஊர் வழக்கம். வருஷம் தவறாமல் காகு வருவார். அப்பாவின் காலைத் தொடுவார், அப்பா கூச்சத்தில் நெளிவார், அம்மா பாயசம் கொடுப்பாள். வீட்டில் அப்பா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது காகு வந்த நாட்களில்தான்.

ஊரின் கிழக்குக் கோடியில் அப்போதுதான் பெரிய தீம் பார்க் ஒன்று வந்திருந்தது. காகுவுக்குக் குழந்தை கிடையாது. “பாப்பாவை நாம கூட்டிண்டு போகலைன்னா யார் கூட்டிண்டு போவா?” என்று அப்பாவைக் கிளப்பியவர் அவர்தான். அன்றைக்கு ஏகாதசி, அம்மா வரவில்லை. ராட்டினத்தில் நான் நடுவில், இரண்டு பக்கமும் அவர்கள். உச்சிக்குப் போனபோது அப்பா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு “ஐயோ, ஐயோ” என்று அலற, காகு சிரித்த சிரிப்பில் பெட்டியே ஆடியது. இறங்கியதும் வானம் பொத்துக்கொண்டு கொட்டியது. எல்லா விளையாட்டையும் நிறுத்திவிட்டார்கள். சிற்றுண்டிக் கடைகளுக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகையில் ஊரே வந்து ஒதுங்கியது.

“சூடா ஏதாவது வாங்கிண்டு வரேன்” என்று காகு மழையில் ஓடினார். திரும்பி வரும்போது குடையைத் தனக்குப் பிடிக்கவில்லை, தட்டுகளுக்குப் பிடித்திருந்தார். எனக்குக் கட்லெட் மாதிரி ஒரு வெஜிடபிள் சாப். ஒரு மீன் தட்டை அப்பாவிடம் நீட்டி, வழக்கமான வங்காளியில் சொன்னார்: “இந்தாங்க தாதா. காசுந்தி கொஞ்சம் தூக்கலா, எப்பவும் போல.”

எப்பவும் போல. பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டார் பாவம். அதே பழக்க தோஷத்தில் என் கையும் மூக்குக்குப் போய்விட்டது, முகமும் சுளித்துவிட்டது. அப்பா தட்டைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார். அம்மாவே அங்கே வந்து நின்றது மாதிரி அவருக்கு இருந்திருக்க வேண்டும்.

தட்டைத் தட்டிவிட்டார். மீன் சேற்றில் விழுந்தது. “என்ன நினைச்சுண்டிருக்கே நீ? எங்க ஆசாரம் உனக்குத் தெரியாதா? குழந்தை முன்னாடி இதைக் கொண்டுவந்து நீட்டறியே, உனக்கு வெட்கமா இல்லே?” என்று கத்தினார். வங்காளியில்கூட இல்லை, இங்கிலீஷில். மேலதிகாரி பியூனை விரட்டுகிற இங்கிலீஷ் அது. கொட்டகையில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

காகு சொட்டச் சொட்ட நின்றார். பிறகு குனிந்து என்னிடம், “தப்பு என்னோடதும்மா. ஆபீஸ்ல இன்னொரு மெட்ராஸ்காரர் இருக்கார், அவர்தான் இதெல்லாம் சாப்பிடுவார். எனக்கு ஆள் மாறிப்போச்சு” என்றார். விழுந்ததைத் தன் கையாலேயே பொறுக்கிக் குப்பையில் போட்டார். அந்த ஆபீஸில் அப்பாவை விட்டால் வேறு மெட்ராஸ்காரரே கிடையாது. அப்பாவின் சட்டைக் காலரில் எத்தனையோ சாயங்காலம் காசுந்தி வாடையை நான் மோந்திருக்கிறேன். ‘அப்பா, எனக்கும் ஒரு வாய்’ என்று கேட்டிருந்தால் தீர்ந்தது விஷயம். கேட்கவில்லை. பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்று இருந்தது. திரும்பி வந்த பஸ்ஸில் காகு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

அந்த வருஷம் விஜயாவுக்கு அப்பா காலையிலேயே காகுவுக்காகச் சந்தேஷ் இனிப்பு வாங்கி வைத்தார். வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். காகு வரவில்லை. “நீங்கதான் ஒரு நடை போயிட்டு வாங்களேன்” என்றாள் ஒன்றும் தெரியாத அம்மா. “அவன்தான் சின்னவன். அவன்தான் வரணும்” என்றார் அப்பா. அந்த வழக்கத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார் மனுஷர். அப்புறம் ஆபீஸில் காகுவோடு சேர்ந்து சாப்பிடுவதையும் விட்டுவிட்டு, ரிடையர் ஆகிறவரை அப்பா டப்பாவில் தயிர்சாதம் எடுத்துக்கொண்டு போய், மேஜையிலேயே குனிந்து தனியாகச் சாப்பிட்டார் என்று வேறு யாரோ சொல்லிக் கேட்டேன். சரி, நாற்காலியை எடுத்துப் போட்டுக்கொண்டு காகுவுக்கு எதிரே உட்கார அப்பாவுக்கு எவ்வளவு நேரமாகும்? ஒருநாளும் செய்யவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வரும், உடனே என் முகச்சுளிப்பு ஞாபகம் வந்து கோபம் அடங்கிவிடும்.

அப்பா போனது இரண்டாயிரத்துக்குப் பிறகு, நாங்கள் மாறிப்போன லேக் கார்டன்ஸ் வீட்டில். பதின்மூன்றாம் நாள் சாப்பாட்டுக்குக் காகு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. இலை முன்னால் உட்கார்ந்தவரிடம் அம்மா தன் அரைகுறை வங்காளியில் பெருமையாகச் சொன்னாள்: “இந்த ஊர்ல இத்தனை வருஷம் இருந்தும் ஒருநாள் அவர் மீன் தொட்டதில்லே. பக்கத்துலயே இருந்தேளே, உங்களுக்குத் தெரியாதா?”

“ஒருநாளும் தொட்டதில்லை, பௌதி” என்றார் காகு. நான் குனிந்து அவர் இலையில் ரசம் ஊற்றினேன்.

வாசல்வரை கொண்டுவிடப் போனேன். “அன்னிக்கு அப்பா பேசினதுக்கு...” என்று ஆரம்பித்தேன். “அப்பாவுக்கு ஒரே வெட்கம், காகு. அதான் உங்க பக்கமே வரலை” என்று எப்படியோ சொல்லிவிட்டேன்.

“தெரியுமே” என்றார் காகு. செருப்பை மாட்டிக்கொண்டார். “எனக்கும்தான் வெட்கமா இருந்தது. அதுக்காக ரெண்டு பேரும் தனித்தனியாவா சாப்பிடணும், சொல்லு?”