முந்திக்கொண்ட சிரிப்பு

போன செவ்வாய்க்கிழமை காலை ஸ்டெல்லா அக்காவின் மகன் ஜான் போன் செய்தார். "அம்மா போயிட்டாங்க அங்கிள். டீ குடிச்சிட்டே பேசிட்டிருந்தாங்க, அப்படியே சாஞ்சிட்டாங்க." படுக்கையில் கிடந்து அவதிப்படாமல் போனாரே என்று முதலில் நிம்மதிதான் வந்தது. அழுகை அதற்குப் பிறகுதான்.

எங்கள் அலுவலகத்தில் அவர் டைப்பிஸ்ட். பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்தவர். அவரைத் தெரிந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, சிரித்தால் மேல் மாடிக்குக் கேட்கும். நாங்கள் சிலர் அல்சூரில் ஒரு மாடி அறையில் தமிழ் நாடகத்துக்கு ஒத்திகை பார்த்தபோது தினமும் வந்து உட்கார்ந்துவிடுவார். எல்லாம் மனப்பாடமாகி, வசனம் வருமுன்பே சிரிப்பார். இயக்குநர் பாஸ்கரன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துக் கடைசியில் கும்பிட்டுவிட்டார். "அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், ஷோவுக்கு மட்டும் வந்துடாதீங்க."

"ஏன்பா, சிரிக்கிறதுக்கும் உன்கிட்ட பர்மிஷன் வாங்கணுமா?" என்று அதற்கும் சிரித்தார்.

அது காவிரிக் கலவரம் நடந்து முடிந்த மறு வருடம். பெங்களூர் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம்கூடத் தமிழில் பேச நாங்கள் யோசித்த காலம். அப்போதுதான் ஒரு சின்னக் கன்னட நாடக அரங்கத்தை நடத்தியவர், "மாடி சார், நாவிதீவி" என்று சொல்லி இடம் கொடுத்தார். செய்யுங்கள், நாங்கள் இருக்கிறோம் என்று அர்த்தம். நாடகத்தை எழுதியவன் நான். இது சரிப்படாவிட்டால் இந்த ஊரில் மறுபடி தமிழ் நாடகம் போட எங்களுக்கே மனசு வராது என்று தெரிந்திருந்தது.

நாற்காலிகள் நிறைந்தன. ஆனால் முதல் காட்சி முழுக்க ஒருவரும் சிரிக்கவில்லை. முகம் மலர்கிறது, வாய் திறக்கவில்லை. சத்தம் தெருவுக்குக் கேட்டுவிடுமோ என்று பயம். பக்கத் திரைக்குப் பின்னால் நின்று நான் அந்த வாய்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது பெண் பார்க்கும் காட்சி. பெண்ணின் அப்பா தட்டை நீட்டி, "பொண்ணு இப்பதான் உள்ள சுட்ட பஜ்ஜி" என்று பெருமையடிக்கும்போது, அந்தப் பெண் ஹெல்மெட்டோடு தெருவிலிருந்து வர வேண்டும். அப்பா தட்டை எடுக்கத்தான் குனிந்தார். கடைசி வரிசையிலிருந்து ஒரு வெடிச் சிரிப்பு! வராதே என்று சொல்லியும் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்திருந்தார் ஸ்டெல்லா அக்கா. மொத்த அரங்கமும் திரும்பிப் பார்த்தது. புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினார். அவரைப் பார்த்து நாலு பேர் சிரித்தார்கள். ஹெல்மெட் உள்ளே வந்தபோது கூரையே அதிர்ந்தது. தெருவில் ஒன்றும் நடக்கவில்லை. நான் திரைக்குப் பின்னாலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நாடகம் முடிந்தும் ஜனங்கள் கலையாமல் வாசலில் நின்று உரக்கத் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்காவைத் திட்டப் போன பாஸ்கரன், "அடுத்த ஷோவுக்கும் வந்துடுங்கக்கா" என்றார்.

அக்காவின் கல்லறையில் ஜெபம் முடிந்ததும் ஜான் இந்தக் கதையை உறவினர்களுக்குச் சொல்லத் தொடங்கினார். "அந்த அப்பா தட்டை எடுக்கக் குனிஞ்சாராம்..." என்றதுமே நான் சிரித்துவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா என்னிடம் விட்டுப்போனது இதுதான். அடக்கப் போவதில்லை.