காணாமல் போனார் என்று எழுதாதவள்

மாவட்ட அலுவலக வாசலில் மனு எழுதுகிறவர்களுக்கு நாலு மேசைகள். மூன்று ஒட்டிக் கிடக்கும். நாலாவது தள்ளிக் கிடக்கும். அதில் பழைய லேப்டாப்போடும் பிரிண்டரோடும் உட்கார்ந்திருப்பவளுக்கு மற்றவர்கள் வைத்த பெயர் 'இலக்கணம்'. ஆளைப் பிடித்துக்கொண்டு போன விவகாரங்களை அவள் ஒருத்திதான் எழுதுவாள். "காணாமல் போனார்" என்று மட்டும் அடிக்க மாட்டாள்.

குடை காணாமல் போகும். சாவி காணாமல் போகும். வீடு புகுந்து இழுத்துப்போன மனிதர் எப்படிக் காணாமல் போவார்? அந்தச் சொல்லில் போனவர் இருக்கிறார், இழுத்தவன் இல்லை. பதினோரு வருடத்துக்கு முன் தன் கணவனுக்காக அவளே அப்படித்தான் எழுதிக் கொடுத்தாள். "தானாகச் சென்றவரைத் தேட இயலாது" என்று கோப்பை மூடிவிட்டார்கள். தேர்தல் மட்டும் தவறாமல் நடக்கிறது.

அன்று, மகனைத் தேடும் ஓர் அம்மா அவள் எழுதிய மனுவோடு திரும்பி வந்தாள்.

"உள்ள இருக்கிற கிளார்க்கு வாங்க மாட்டேங்கிறான்மா. 'கொண்டுபோனார்கள்'னா யாருன்னு நிரூபிக்கணுமாம். காணோம்னு போட்டா இப்பவே முத்திரை குத்துறானாம்."

"குத்துவான். அப்புறம் தேட மாட்டான். என் வீட்டுக்காரருக்கு அதான் ஆச்சு, பதினோரு வருஷமா."

"உனக்குப் பதினோரு வருஷம். எனக்கு நாலு நாள். முத்திரை இல்லாம ஸ்டேஷன் படியே ஏற விடல. உசுரோட இருக்கானான்னாவது கேக்கணும்ல?"



மூன்று மேசைக்காரர்களில் ஒருவர் கூப்பிட்டார்: "இங்க வாங்கம்மா. இலக்கணம் பாக்காம அஞ்சே நிமிஷத்துல அடிச்சுத் தரேன்." மற்ற இருவரும் சிரித்தார்கள்.

அம்மா போனாள். குற்றம் அவளுடையதல்ல. பொய் சொன்னால்தான் கதவைத் திறப்போம் என்கிறவர்களுடையது.

அரை மணியில் முத்திரையோடு திரும்பி வந்து, பழைய மனுவை நீட்டினாள்.

"இதைக் கிழிச்சுடவா?"

"வேண்டாம்மா, உட்காருங்க. வண்டி என்ன கலர்?"

"சாம்பல்."

"எத்தனை பேர்?"

"மூணு. ஒருத்தன் என்னை இடிச்சுட்டு, 'மன்னிச்சுக்கோங்கம்மா'ன்னான்."

மனுவின் பின்பக்கத்தில் அதையும் எழுதிக் கையெழுத்து வாங்கினாள். மாதம் ஒருமுறை இரண்டு வக்கீல்கள் வந்து, அவள் சேர்த்துவைத்த இப்படிப்பட்ட மனுக்களைப் பிரதி எடுத்துப் போவார்கள்.

"இதை யாரும்மா கேக்கப் போறா?"

"இப்போதைக்கு யாரும் இல்ல."

அம்மா எழுந்தாள்.

"ஸ்டேஷனுக்குக் கூட வரட்டுமா?"

"வேணாம்மா. உன்னைப் பார்த்தா அவனுங்களுக்குக் கோவம் வரும்."