பாலிகைத் தொட்டியில் உப்பு மண்

இரண்டாயிரங்களின் கடைசியில் அடித்த ஒரு புயலில் நாங்கள் வங்காள வழக்கப்படி 'மாஷி', அதாவது சித்தி, என்று கூப்பிடும் வேலைக்காரியின் நெல்வயலுக்குள் கடல்நீர் புகுந்துவிட்டது. பாலிகஞ்சில் எங்கள் வீட்டு வேலைக்குத் தெற்கே இருந்து லோக்கல் ரயிலில் வருபவள். என்னை 'பௌதி', அதாவது அண்ணி, என்று கூப்பிடுவாள். "இனிமே அங்கே புல்லுகூட முளைக்காது பௌதி. அவர் கொத்து வேலைக்கு உங்க சென்னைக்கே போறேங்கிறார்" என்றாள். போய்விட்டால் வருஷக்கணக்கில் புருஷன் முகத்தைப் பார்க்க முடியாது.

உப்பைத் தாங்கும் பழைய சிவப்பு நெல் கொஞ்சம் அவள் அக்கா வீட்டில் தப்பியிருந்தது. அந்த மண்ணில் அது முளைக்குமா என்று பார்க்க வேண்டும். குடும்பமோ ஆற்றங்கரைமேல் தார்ப்பாய்க்கு அடியில்; எதைப் போட்டாலும் ஆடு மேய்ந்துவிடும். "இங்கே கொண்டா!" என்றேன். கல்யாணம் தவறாமல் பாலிகைக் கிண்ணத்தில் முளைவிதை தெளித்த கை இது, பரபரக்காதா?

பால்கனித் தொட்டிகளில் அவள் வயல் மண். ஒன்றில் சிவப்பு நெல், இன்னொன்றில் அவள் வழக்கமாகப் போடுவது. அப்புறம் ஆரம்பித்தது கூத்து. வீட்டுக்கு வந்த தமிழ்ப் பெண்கள் எல்லோரும், பாலிகையைக் கண்டால் நீர் தெளிக்கும் பழக்கத்தில், ஆளுக்கொரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனார்கள். நான் மட்டும் சும்மா இருந்தேனா? காயப்போட்ட துணியில் சொட்டுகிறது என்று கீழ்வீட்டுக்காரர் கத்தினார்.

முளைத்தது! இரண்டு தொட்டியிலுமே! நான் குதித்தேன். மாஷி குதிக்கவில்லை. ஒரு கிள்ளு மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"பௌதி, உப்பு எங்கே?"

தொட்டி ஓட்டைக்குக் கீழே தரையில் வெள்ளையாகப் பூத்திருந்தது. இருந்த உப்பையெல்லாம் கழுவி விட்டிருந்தோம். எனக்கு அழுகை முட்டியது. அவளோ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "தொட்டியில போனா வயல்லயும் போகுமில்ல?"

அந்த மழைக்காலத்தில் அவளும், சென்னைக்குப் போகாமல் நின்ற புருஷனும் வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கினார்கள். கடல் உள்வாங்கி ஆற்றில் நீர் இறங்கும் நேரம் பார்த்து மதகைத் திறந்து வடித்தார்கள், மறுபடி தேக்கினார்கள். வானம் கறுத்தால் போதும், நான் பால்கனியில் நின்று "கொட்டு, நல்லாக் கொட்டு!" என்று கத்துவேன். ஆவணியில் சிவப்பு நெல்லை நட்டார்கள்.

ஐப்பசியில் காளி பூஜை முடிந்து வந்தவள் துடைப்பத்தைத் தொடவே இல்லை. "வேற ஆள் பாத்துக்கோங்க பௌதி. கதிர் வந்துடுச்சு. அவர் ஒருத்தரால அறுக்க முடியாது."

சிங்க்கில் பாத்திரம் மலையாகக் கிடந்தது. நான் அவளைக் கட்டிக்கொண்டேன்.